வடக்கே போகும் சாலை

எங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்த பயணத் திட்டத்தில் இரண்டாம் நாள் இப்படி இருந்தது: காலை 8 மணிக்குக் கிளம்பி ஜ்வாரி, ம்த்ஸ்கெத்தா, அனனூரி கோட்டை, வழியில் மதியச் சாப்பாடு, குடவுரியில் நட்புச் சின்னம், காஸ்பெகி, இரவு 9 மணிக்கு ஹோட்டல். ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் போட்டோ எடுக்க எத்தனை நிமிடம் என்று போட்டிருந்தார்கள். அனனூரிக்கு 25 நிமிடம். நட்புச் சின்னத்துக்கு 20.

ஷார்ஜாவில் வேலை செய்கிற என்னைப் போன்றவர்களுக்கு ஈத் லீவில் ஜார்ஜியா போவது இப்போது ஊட்டி, கொடைக்கானல் போவது மாதிரி ஆகிவிட்டது. மூன்றரை மணி நேர விமானம். அமீரக ரெசிடென்ஸ் விசா இருந்தால் தனியாக விசா எடுக்க வேண்டாம். எங்கள் வேனில் பதினெட்டுப் பேர், எல்லாரும் தமிழ்தான். புதிதாகக் கல்யாணமான மதுரை ஜோடி, இரண்டு குடும்பங்கள், ஒரே கம்பெனியில் வேலை செய்யும் பையன்கள், மகனோடு வந்திருந்த அம்பாசமுத்திரத்து அம்மா ஒருவர். மகன் பின் சீட்டில் தூங்கிவிட, தனி ஆளான நான் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கு இங்கிலீஷ் வராது. வழிகாட்டிப் பெண் மைக்கில் சொல்வதையெல்லாம் அவருக்குத் தமிழில் சொல்வது என் வேலையானது. சும்மா கேட்கிறவன் பாதியில் காதை மூடிக்கொள்ளலாம். இன்னொருவருக்குச் சொல்ல வேண்டியவன் ஒவ்வொரு வாக்கியத்தையும் கவனித்தாக வேண்டும். எது சொல்லப்படவில்லை என்பதும் அவனுக்குத்தான் முதலில் தெரியும்.

வழிகாட்டிக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். வாரத்தில் நாலு நாள் இதே சாலையில் போய் வருகிறவர். எந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. திபிலிசியை விட்டு வெளியே வந்ததும், "நாம போகப்போற ரோட்டுக்குப் பேரு ஜார்ஜிய ராணுவச் சாலை, ரஷ்யா வரைக்கும் சுமார் 210 கிலோமீட்டர்" என்றார். மதுரைக்காரர், "ஏன் ராணுவம்?" என்று கேட்டார். "ரஷ்யாக்காரங்க ராணுவத்துக்காகப் போட்டாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு ஒயின் பற்றி ஒரு ஜோக் சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

அந்த ஒரு வரிதான் அன்று முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் திரும்பிப் படித்ததையும் அன்று பார்த்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

*

ஜ்வாரி, மலை உச்சியில் இருக்கிற சின்ன தேவாலயம். 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்ட ஆரம்பித்தது. ஜ்வாரி என்றால் சிலுவை. அங்கிருந்து கீழே பார்த்தால் அரக்வி ஆறு வடக்கிலிருந்து வந்து ம்த்குவாரி ஆற்றில் கலப்பது தெரியும். இரண்டு தண்ணீருக்கும் நிறம் வேறு. கூடுகிற இடத்தில் ம்த்ஸ்கெத்தா. திபிலிசிக்கு முன்னால் இந்த நாட்டின் தலைநகரம் அதுதான். 4ஆம் நூற்றாண்டில் அரசன் மிரியான் கிறிஸ்தவத்துக்கு மாறியது இங்கேதான்.

"ரெண்டு ஆறு சேருற எடத்துல கோயில் கட்டாத ஊரு உண்டா?" என்றார் அம்மா. அவருக்கு முக்கூடல் ஞாபகம் வந்திருக்கும்.

ஊருக்கு நடுவில் ஸ்வெதிட்ஸ்கோவெலி பேராலயம். இப்போது நிற்கிற கட்டடம் 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. வெளிச்சுவரில் உயரத்தில் ஒரு கை, கையில் ஸ்தபதியின் மூலைமட்டம். கட்டிய சிற்பி அர்சுகிட்ஸேயின் கையை வெட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. இந்தக் கதையை வழிகாட்டி நன்றாகச் சொன்னார், எல்லோரும் கையைப் போட்டோ எடுத்தோம். உள்ளே போனதும், "தரையைப் பாத்து நடங்க, ராஜாக்கள் படுத்திருக்காங்க" என்றார். அந்தத் தரையில் இருக்கிறவர்களில் ஒருவர் இரண்டாம் எரெக்லே. நாங்கள் அன்று போன சாலைக்குப் பின்னால் இருக்கிறவர் அவர்தான்.

எரெக்லே 1720இல் பிறந்தவர். ஜார்ஜியா அப்போது ஒரே நாடாக இல்லை. மேற்குப் பக்கம் துருக்கியரின் கை, கிழக்குப் பக்கம் பாரசீகத்தின் கை. கிழக்கில் இருந்த கார்த்லி, காகெத்தி என்ற இரண்டு அரசுகளும் பாரசீக ஷாவுக்குக் கட்டுப்பட்டவை. பதினெட்டு வயதில் எரெக்லே ஜார்ஜியப் படையோடு நாதிர் ஷாவின் இந்தியப் படையெடுப்பில் வந்தார். 1739இல் டெல்லியைச் சூறையாடிய அதே படையெடுப்பு. பள்ளிக்கூடத்தில் மயில் சிம்மாசனம் போன கதையாக நாம் படித்ததில் ஒரு ஜார்ஜிய இளவரசனும் இருந்திருக்கிறான்.

இந்தியாவோடு இன்னொரு தொடர்பும் அந்தக் குடும்பத்துக்கு உண்டு. எரெக்லேயின் மூதாதை ராணி கெதவான். மதம் மாற மறுத்ததற்காக 1624இல் ஷா அப்பாஸின் ஆணைப்படி ஷிராஸில் சித்திரவதை செய்து கொல்லப்பட்டவர். அங்கிருந்த அகஸ்தீனியத் துறவிகள் அவருடைய எலும்புகளில் ஒரு பகுதியைக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். பழைய கோவாவின் இடிந்த தேவாலயத்தில் கிடைத்த எலும்பை ஹைதராபாத் ஆய்வுக்கூடத்தில் மரபணுச் சோதனை செய்து, 2021இல் இந்தியா ஜார்ஜியாவிடம் கொடுத்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எரெக்லே ஏன் ரஷ்யாவிடம் போனார் என்று இன்று கேட்பது சுலபம். ராணியின் பேரப்பிள்ளைகளின் வழியில் வந்தவனுக்குத் தெற்கிலிருந்து என்ன வரும் என்று தெரியும். வடக்கே, மலைக்கு அந்தப் பக்கம், தன் மதத்தையே சேர்ந்த ஒரு பெரிய ராஜ்யம். 1783 ஜூலையில் காகசஸுக்கு வடக்கே ஜார்ஜியெவ்ஸ்க் கோட்டையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாரசீகத்தோடும் மற்றவர்களோடும் இனி உறவில்லை, வெளிநாட்டு விவகாரம் முழுக்க ரஷ்யாவின் சம்மதத்தோடுதான். பதிலுக்கு, எரெக்லேயின் நாட்டையும் அவருடைய வம்சத்தின் அரியணையையும் பேரரசி கேத்தரின் காப்பாற்றுவார்.

காப்பாற்ற வேண்டுமென்றால் படை வரவேண்டும். படை வர வழி வேண்டும். காலகாலமாக ஆட்டுக்காரர்களும் வியாபாரிகளும் கடந்துவந்த மலைப்பாதையை ரஷ்யப் படை அந்த வருடமே சீர்செய்ய ஆரம்பித்தது. ஒப்பந்தத்தில் ரஷ்யா சார்பாகக் கையெழுத்துப் போட்ட பாவெல் போதெம்கின் எட்டுக் குதிரை பூட்டிய வண்டியில் திபிலிசி வந்து சேர்ந்தார். அடுத்த வருடம் பாதையின் வடக்கு முனையில் ஒரு கோட்டை எழுந்தது. அதற்கு வைத்த பெயர் விளாதிகாவ்காஸ். 'காகசஸை ஆள்' என்று அர்த்தம். காப்பாற்ற வருகிறவர்கள் வைக்கிற பெயரா இது?

*

ம்த்ஸ்கெத்தாவைத் தாண்டி வேன் வடக்கே திரும்பியதும் லாரிகள் ஆரம்பித்தன. ஓரமாக வரிசைகட்டி நிற்கிற பெரிய லாரிகள், ஜார்ஜிய, ரஷ்ய, ஆர்மேனிய நம்பர் பிளேட்டுகள். ஜார்ஜியாவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் சட்டப்படி திறந்திருக்கிற தரைவழி இது ஒன்றுதான். 2022 செப்டம்பரில் ரஷ்யா ஆண்களைப் போருக்குக் கூப்பிட ஆரம்பித்தபோது, அந்தப் பக்கமிருந்து கார்களிலும் சைக்கிள்களிலும் கால்நடையாகவும் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தச் சாலை வழியாகத்தான் தப்பி வந்தார்கள்.

அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். "இப்போ ரஷ்யாக்காரங்க நிறைய வந்து தங்குறாங்களே, உங்களுக்கு நல்ல வியாபாரம்தானே?" துபாய்ப் பழக்கம். எங்கே போனாலும் வியாபாரம் எப்படி என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. அவர் என்னைப் பார்த்துவிட்டு, "ஆமா, வியாபாரம் நல்லா இருக்கு" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அனனூரி கோட்டை ஒரு நீர்த்தேக்கத்தின் கரையில் நிற்கிறது. பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர், அதில் கோபுரங்களின் நிழல். 1980களில் ஜின்வாலி அணை கட்டியபோது உருவானது. மின்சாரத்துக்கும் திபிலிசியின் குடிநீருக்கும். அதற்கடியில் ஊர்கள் இருந்தன. நம் மேட்டூர் அணை மாதிரியே, தண்ணீர் வற்றினால் ஒரு பழைய தேவாலயம் வெளியே தலைகாட்டும்.

கோட்டை அரக்வி பள்ளத்தாக்கை ஆண்ட பிரபுக்களுடையது. எரிஸ்தாவி என்பது அவர்கள் பட்டம். நம் பாளையக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்துப் பள்ளத்தாக்கான க்சானியின் எரிஸ்தாவிகளுக்கும் இவர்களுக்கும் தீராத பகை. எரெக்லே இந்தியப் படையெடுப்பில் போயிருந்த அதே 1739இல், க்சானி பிரபு ஷான்ஷே இந்தக் கோட்டையைப் பிடித்துத் தீவைத்து, அரக்வி பிரபுவின் குடும்பத்தைக் கொன்றான். 1689இல் கட்டிய தேவாலயத்தின் சுவரில் பெரிய சிலுவையும், திராட்சைக் கொடியும், சங்கிலி கட்டிய சிங்கங்களும் இன்னும் இருக்கின்றன. உள்ளே பெரும்பாலான ஓவியங்கள் போய்விட்டன.

இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி வழிகாட்டி சொன்ன இன்னொரு கதை முந்நூறு பேருடையது. ஒப்பந்தம் போட்ட நாலே வருடத்தில், துருக்கியோடு போர் வந்ததும், ரஷ்யா ஜார்ஜியாவிலிருந்த தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1795 செப்டம்பரில் பாரசீகத்தின் ஆகா முகமது கான் பெரும்படையோடு திபிலிசிக்கு வந்தார். ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டதற்கான தண்டனை அது. எழுபத்து நாலு வயது எரெக்லே சில ஆயிரம் பேரோடு கிர்த்சானிசி என்ற இடத்தில் எதிர்த்து நின்றார். அரக்வி மலைக்காரர்கள் முந்நூறு பேர் கடைசிவரை நின்று செத்தார்கள், அவர்களால்தான் கிழவர் உயிரோடு வெளியேற முடிந்தது என்பது ஜார்ஜியர்கள் வழிவழியாகச் சொல்லி வருவது. திபிலிசியில் ஒரு மெட்ரோ ஸ்டேஷனுக்கே 'முந்நூறு அரக்விக்காரர்கள்' என்று பெயர். ஊர் எரிந்தது. ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். காப்பாற்றுவதாக எழுதிக் கொடுத்த படை மலையைக் கடந்து வரவில்லை. பதினெட்டு வயதில் ஒரு ஷாவின் படையில் இருந்துகொண்டு ஒரு தலைநகரம் விழுந்ததை அறிந்தவர், எழுபத்து நாலில் இன்னொரு ஷாவின் படையிடம் தன் தலைநகரத்தையே இழந்தார். 1798இல் இறந்தார்.

*

பசனாவுரியில் மதியச் சாப்பாடு. கின்காலி என்பது நம் மோதகத்தைப் பெரிதாக்கின மாதிரி இருக்கும். மேலே குடுமியைப் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் கடித்து, முதலில் உள்ளேயிருக்கிற சாற்றை உறிஞ்ச வேண்டும். குடுமியைத் தட்டிலேயே வைத்துவிட வேண்டும், எத்தனை தின்றோம் என்பதற்கு அதுதான் கணக்கு. அம்மாவுக்கு உருளைக்கிழங்கு வைத்தது வந்தது.

வழிகாட்டியும் எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். அம்மா என்னைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்கு எந்த ஊருன்னு கேளுங்க தம்பி" என்றார்.

கேட்டேன். திபிலிசி என்றார்.

"அது இப்ப இருக்குற ஊரு. சொந்த ஊரு எது?"

இதை இங்கிலீஷில் எப்படிக் கேட்பது என்று யோசித்து, உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அகல்கோரி" என்றார். "இந்த மலைக்கு அந்தப் பக்கம்தான். க்சானி பள்ளத்தாக்கு. காலையில் அனனூரியைக் கொளுத்தினவங்கன்னு சொன்னேன்ல, அவங்க ஊரு." சிரித்தார். "இப்போ போக முடியாது."

2008 ஆகஸ்டில் ஐந்து நாள் போர் நடந்தபோது அவருக்குப் பத்து வயது. போர் முடிகிற நேரத்தில் அகல்கோரிக்குள்ளும் ரஷ்யப் படை வந்தது. அந்தப் பகுதி இப்போது தெற்கு ஒசேத்தியா என்று பிரித்துக்கொண்டவர்களின் கையில். அம்மா, அப்பா, இவர், தம்பி எல்லோரும் ஒரு காரில் கிளம்பினார்கள். பாட்டி வரவில்லை. திராட்சை பறிக்கிற பருவம் வருகிறது, யார் பார்த்துக்கொள்வது என்று இருந்துவிட்டார். 2019 வரை அனுமதிச் சீட்டு வைத்துக்கொண்டு போய் வர முடிந்தது. அம்மா வாரக் கடைசியில் மருந்து, மாவு எல்லாம் எடுத்துக்கொண்டு போவாராம். அந்த வருடம் செப்டம்பரில் வழியை அடைத்துவிட்டார்கள். "ரெண்டு வருஷம் கழிச்சுப் பாட்டி இறந்துட்டாங்க. போன்ல சொன்னாங்க."

நான் இதைத் தமிழில் சொன்னேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். "பாட்டிக்கு எத்தனை வயசு?" என்று மட்டும் கேட்டார். எண்பத்தொன்று.

நான் காலையில் கேட்ட வியாபாரக் கேள்வியை நினைத்துக்கொண்டு தட்டில் இருந்த குடுமிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

*

குடவுரியைத் தாண்டி, பள்ளத்தாக்கின் விளிம்பில், அரைவட்டமாக ஒரு கான்கிரீட் மேடை. உள்சுவர் முழுக்க வண்ண ஓட்டுச் சித்திரங்கள்: ஜார்ஜிய, ரஷ்ய வரலாற்றுக் காட்சிகள். 1983இல், ஜார்ஜியெவ்ஸ்க் ஒப்பந்தத்தின் இருநூறாவது ஆண்டுக்காக சோவியத் அரசு கட்டிய நட்புச் சின்னம். வழிகாட்டி மைக்கை எடுத்து, "20 நிமிஷம். வியூ ரொம்ப நல்லா இருக்கும்" என்றார். அவ்வளவுதான்.

"யாருக்கும் யாருக்கும் நட்பு?" என்று அம்மா கேட்டார். சொன்னேன். அவர் இறங்கவில்லை.

அந்தச் சுவர் எந்த ஒப்பந்தத்தைக் கொண்டாடுகிறதோ அது பதினெட்டு வருடம்கூட முழுதாக நிற்கவில்லை. எரெக்லேயின் மகன் பன்னிரண்டாம் கியோர்கி 1800 கடைசியில் இறந்ததும், ரஷ்யா அரியணையைக் காலியாகவே விட்டது. 1801இல் கிழக்கு ஜார்ஜியா ரஷ்யப் பேரரசின் ஒரு மாகாணம். அரச குடும்பத்தை ஒவ்வொருவராக ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். 1803 ஏப்ரலில் கியோர்கியின் விதவை ராணி மரியத்தை அழைத்துப்போக லாசரெவ் என்ற ஜெனரல் அவருடைய அறைக்கே வந்தபோது, ராணி கத்தியால் குத்தினார். ஜெனரல் அங்கேயே செத்தார். ராணியை வடக்கே கொண்டுபோய் ஒரு கன்னிமாடத்தில் அடைத்தார்கள். 1850இல் மாஸ்கோவில் இறந்தபின்தான் ஊர் திரும்ப முடிந்தது. நாங்கள் காலையில் பார்த்துப் பார்த்து நடந்த அதே ஸ்வெதிட்ஸ்கோவெலியில் அவரையும் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

நட்புச் சின்னத்தின் சித்திரத்தில் எனக்கு எட்டாத ஒன்று, இந்தச் சாலையைப் போட்டவர்கள் யார் என்பது. ரஷ்யர்கள் போட்டார்கள் என்றுதான் எல்லாக் கையேட்டிலும் இருக்கும். மண் வெட்டியதும், பாறை உடைத்ததும், குளிர்காலத்தில் பனியை வாரிக்கொட்டியதும் இந்தப் பள்ளத்தாக்கின் கிராமத்துக்காரர்கள். கூலியில்லாத கட்டாய வேலை. மாட்டையும் வண்டியையும் கொண்டுவர வேண்டும், வராதவருக்கு அடி. 1804இல் அரக்வியின் மேல் பகுதியான ம்தியுலெத்தியில் மக்கள் எழுந்தார்கள். அவர்கள் முதலில் செய்தது சாலையை மறித்ததுதான். பல மாதம் ரஷ்யாவுக்கும் திபிலிசிக்கும் வழியில்லாமல் போனது. பிறகு வழக்கம்போல படை வந்தது.

1795இல் முந்நூறு பேர் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து போய் அரசனுக்காக நின்று செத்தார்கள். அன்று வராத படைக்கு, ஒன்பது வருடம் கழித்து, அவர்கள் பிள்ளைகள் அடி வாங்கிக்கொண்டு பாதை போட்டார்கள். முதல் கதைக்கு மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது. இரண்டாவது கதைக்கு இந்தச் சாலையில் நான் எந்தப் பலகையும் பார்க்கவில்லை.

*

சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் ஜ்வாரி கணவாய். காலையில் பார்த்த ஜ்வாரிக்கும் இதற்கும் பெயர் ஒன்றுதான், இங்கேயும் ஒரு சிலுவை. அதைத் தாண்டினால் தண்ணீர் வடக்கே ஓட ஆரம்பிக்கிறது.

காஸ்பெகி என்று எங்கள் திட்டத்தில் போட்டிருந்த ஊரின் இன்றைய பெயர் ஸ்டெபான்ட்ஸ்மிண்டா. இங்கே சுங்கம் வசூலித்துக்கொண்டிருந்த கப்ரியேல் சோபிகாஷ்விலி என்ற பிரபு, மலைக்காரர்கள் எழுந்தபோது ரஷ்யா பக்கம் நின்றார். பரிசாக ராணுவ அதிகாரி பதவி கிடைத்தது. தன் அப்பாவின் பெயரிலிருந்து காஸ்பெகி என்ற குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார், ஊருக்கும் அதுவே வழக்கமானது. அவருடைய பேரன் அலெக்ஸாண்டர் காஸ்பெகி சொத்தை உதறிவிட்டு சில வருடம் ஆடு மேய்த்தார். மேய்ப்பர்களோடு இருந்து கேட்ட கதைகளை நாவல்களாக எழுதினார். அவற்றில் ஒன்றில் கோபா என்று ஒரு கொள்ளைக்காரன் வருவான், அநியாயத்தை எதிர்ப்பவன். அந்தப் பெயரை ஆசையாகத் தனக்கு வைத்துக்கொண்ட கோரிப் பையன்தான் பின்னால் ஸ்டாலின். தாத்தா பெற்ற பரிசு, பேரனின் பேனா, ஸ்டாலினின் புனைபெயர். மூன்றும் ஒரே மலைக்கிராமத்தில் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. 1925இல் சோவியத் அரசு எழுத்தாளரின் நினைவாக ஊரின் பெயரை அதிகாரபூர்வமாகக் காஸ்பெகி ஆக்கியது. 2006இல் பழைய பெயர் திரும்பியது.

ஊருக்கு மேலே 2,170 மீட்டரில் கெர்கெத்தி தேவாலயம். பின்னால் 5,000 மீட்டருக்கு மேல் நிற்கும் காஸ்பெக் சிகரம். ஆபத்துக் காலத்தில் ம்த்ஸ்கெத்தாவின் புனிதப் பொருட்களை இங்கே கொண்டுவந்து ஒளித்து வைப்பார்கள் என்று 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து எதிரி வந்தால் ஓடி ஒளிய இடம் இந்த மலை. வடக்கிலிருந்து வந்தால்?

காற்று குத்தியது. பையன்கள் மேகம் விலகக் காத்திருந்தார்கள். வழிகாட்டியிடம் போய், காலையில் அப்படிக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். "எல்லாரும் கேட்பாங்க" என்றார். "அப்பா லாரி ஓட்டுறார். இதே ரோட்டுல, அந்தப் பக்கம். நாங்களும் வியாபாரம்தான் பண்றோம்." பிறகு, "நாளைக்குக் கோரி போறோம்ல, நெடுஞ்சாலையில் ஒரே மாதிரி சின்னச் சின்ன வீடா வரும். த்செரோவானி. எங்க வீடு அங்கதான். உங்க அம்மா கிட்ட சொல்லுங்க" என்றார். அவர் என் அம்மா இல்லை என்று நான் திருத்தவில்லை.

மறுநாள் காலை வேன் ம்த்ஸ்கெத்தாவைத் தாண்டி, வடக்கே திரும்பாமல் நேராகப் போனது. சாலையோரம் வீடுகள் வந்தன. 2008 போருக்குப் பிறகு, குளிர்காலத்துக்குள் முடிக்க வேண்டுமென்று சில மாதங்களில் கட்டிய சுமார் இரண்டாயிரம் வீடுகள். வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே அளவு. பதினைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டதால் முற்றத்தில் திராட்சைப் பந்தல் போட்டிருந்தார்கள்.

வழிகாட்டி மைக்கில் ஸ்டாலின் மியூசியம் டிக்கெட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தவில்லை. நான் சொன்னதும் அம்மா ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்து, வீடுகள் முடிகிறவரை பார்த்துக்கொண்டே வந்தார்.

"எந்த வீடுன்னு கேட்டீங்களா தம்பி?"

கேட்கவில்லை. திட்டத்தில் அந்த இடத்துக்கு நிமிடம் எதுவும் போடவில்லை.